முதல் துப்பாக்கித் தேர்வு வாரியத்தின் முன் வில்மா

வாருங்கள், கண் படைத்தவர்களே! சட்டம் ஏட்டில் இருக்கிறது, ஏடு அலமாரியில் இருக்கிறது, ஆகவே நாம் நிம்மதியாக உண்டு உறங்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கும் நல்லவர்களே, சற்று நேரம் இங்கே வந்து நில்லுங்கள். ஓசார்க் மலைச்சரிவில், ஆல்டர்ஃபோர்டு மாவட்டத்தின் வடகோடியில், ஒரு வீட்டின் பின்வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். பிற்பகல் மூன்றரை மணி. வான்கோழி ஆலையில், எலும்பு நீக்கும் வரிசையில், எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். கதவைத் திறக்கச் சாவியை எடுத்தவள் திறக்காமல் நிற்கிறாள். ஏன் என்று பாருங்கள். பின்வாசல் விளக்கின் கண்ணாடிக் குமிழை யாரோ கழற்றியிருக்கிறார்கள். உடைக்கவில்லை, எறியவில்லை. முட்டையை வைப்பதுபோல் பக்குவமாகப் படியின் கைப்பிடிக் கட்டைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவள் பெயர் வில்மா ட்ரஸ்டேல். வயது நாற்பத்தொன்பது. வைத்தவன் யார் என்று யாரையும் கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. பத்தொன்பது ஆண்டு அவளுக்குக் கணவனாக இருந்து, இருமுறை அவள் விலாவை முறித்த ராய்ஸ், அடிப்பதற்கு முன் விளக்கை அணைக்கும் வழக்கம் உடையவன். ஆகவே அந்தக் குமிழை அவள் ஒரு கடிதத்தைப் போலப் படித்தாள்.

ஐந்து மாதங்களுக்கு முன் நீதிமன்றம் ஆணை பிறப்பித்திருந்தது. ராய்ஸ் அவளுக்கு ஐந்நூறு அடிக்குள் வரலாகாது. தன்னிடமுள்ள துப்பாக்கிகள் அனைத்தையும் ஒப்படைத்துவிட வேண்டும். “ஒப்படைத்துவிட்டேன், என்னிடம் ஒன்றுமில்லை” என்று அவன் ஒரு தாளில் கையெழுத்திட்டான். அரசு அந்தத் தாளை மடித்து வைத்தது. அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர் எவருமில்லை. போன சனிக்கிழமை தீவனக் கடை வாசலில் அவனைப் பார்த்தவள், வரிசையில் வில்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஓபல்தான். “வண்டி பின்கண்ணாடில ரெண்டு நீளத் துப்பாக்கி தொங்குதுடி, இடுப்புல ஒண்ணு வேற” என்று அவள் வான்கோழி நெஞ்சைப் பிளந்துகொண்டே சொன்னாள்.

வில்மா உள்ளே போய்க் காவல் நிலையத்துக்குத் தொலைபேசினாள்.

“அவரு இப்ப அங்க இருக்காராம்மா?” என்று கேட்டது ஓர் இனிய குரல்.

“இல்ல. வந்துட்டுப் போயிருக்கான்.”

“போயிட்டாருன்னா ஆபத்து இல்லியே. இருக்கறப்ப கூப்பிடுங்க.”

“இருக்கறப்ப கூப்பிட்டா எவ்ளோ நேரத்துல வருவீங்க?”

விசைப்பலகை தட்டும் ஓசை. “உங்க வீட்டுக்கு நாப்பத்தேழு நிமிஷம் காட்டுது. பாலத்துல வேலை நடக்குதுல்ல. காவலருங்க இருக்கறதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தருக்கு இடுப்புப் பிடிப்பு.”

“நாப்பத்தேழு நிமிஷம் நான் என்னம்மா பண்றது?”

“அருமையான கேள்வி கேட்டீங்க!” என்றது குரல், உண்மையான மகிழ்ச்சியுடன். “அதுக்குன்னே வாரியம் வெச்சிருக்கோம். உங்க முதல் துப்பாக்கியத் தேர்ந்தெடுத்துட்டீங்களா?”

இந்த வாரியத்தின் வரலாறு சிறியது. முன்பு ஒன்பது காவலர்கள் மாவட்டத்தைச் சுற்றி வந்தார்கள். ஒன்பது பேர் ஊதியம் பெற்றும் குற்றம் முற்றிலும் ஒழியவில்லை என்பதை மாவட்டக் குழு கண்டுபிடித்தது. எனவே ஏழு பேரை நீக்கியது. அவர்கள் ஓட்டிய வண்டிகளை விற்றது. காலியான வண்டிக் கொட்டகையில் கம்பளம் விரித்து, ‘முதல் துப்பாக்கித் தேர்வு ஆலோசனை வாரியம்’ என்று பலகை மாட்டி, பதினொரு ஆலோசகர்களை அமர்த்தியது. சுவரில் ஆளுயர எழுத்து: ‘நீங்களே உங்கள் முதல் காவலர்.’ இரண்டாம் காவலர் யார் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் வில்மா அங்கே போனாள். அவளுடைய இரு மணிக்கட்டும் வீங்கியிருந்தன; பதினாறு ஆண்டு கத்தி பிடித்த கைகள். வாரியத்தின் ஒருங்கிணைப்பாளர் ஜேனெல் ஹப்பர்ட் அவளை அணைத்து வரவேற்று, அறுபத்து மூன்று கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை நீட்டினாள்.

“பதட்டமே வேணாம் கண்ணு. கல்யாணப் புடவை எடுக்கற மாதிரிதான். உங்களுக்கு ஏத்தது எதுன்னு அதுவே சொல்லும்.”

‘உங்கள் முதல் துப்பாக்கி உங்களுக்குத் தர வேண்டிய உணர்வு எது: அமைதி, பெருமிதம், குடும்ப நெருக்கம்?’ என்பது நான்காம் கேள்வி. ‘கைப்பையில் அதனுடன் வேறு எவை பயணம் செய்யும்?’ என்பது பதினேழாம் கேள்வி. முப்பதாம் கேள்வி, ‘யாரிடமிருந்து பாதுகாப்பு வேண்டும்?’ என்று கேட்டது. படிவத்தில் வில்மா தயங்காமல் விடை எழுதிய ஒரே இடம் அதுதான். ராய்ஸ் ட்ரஸ்டேல் என்று எழுதினாள்.

ஜேனெல் பதறிப்போய் வெள்ளை மை தடவினாள். “ஐயோ, பேரெல்லாம் போடாதீங்க கண்ணு! பொதுவா ‘அத்துமீறுபவர்’னு போடுங்க. பேரு போட்டுட்டா அது புகாராயிடும். புகாருக்கு இது எடம் இல்ல.”

“எனக்குப் புகார்தான் குடுக்கணும். அவன்கிட்ட துப்பாக்கி இருக்கு. அத யாராச்சும் போய் வாங்கிட்டு வரணும். அவ்ளோதான் எனக்கு வேணும்.”

“அது கைப்பற்றல் பிரிவு. பிரிவு இருக்கு, ஆளுதான் இல்ல. ரெண்டு வருஷமாச்சு.”

“இங்க பதினொரு பேரு இருக்கீங்களே?”

“நாங்க குடுக்கற பக்கம் கண்ணு,” என்றாள் ஜேனெல் மென்மையாக. “வாங்கற பக்கம் இல்ல.”

அடுத்த வியாழன் தேர்வுக் குழுவின் முன் அவள் அமர்த்தப்பட்டாள். குழுவில் இருவர். ஒருவர் பக் ஸ்டாம்பர், ஊரின் ஒரே துப்பாக்கிக் கடைக்காரர். சுழல் துப்பாக்கி என்னும் ரிவால்வரைத் தவிர வேறொன்றைப் புதியவர் கையில் கொடுப்பது பாவம் என்ற கொள்கையினர். மற்றவர் போதகர் டென்வர் க்ரப், தேவாலய வாசற்காவல் படையின் தலைவர். ரிவால்வர் பிடிப்பவன் நூறாண்டு பின்தங்கியவன், அடுக்காகத் தோட்டா ஏற்றும் பிஸ்டலே காலத்துக்கு ஏற்றது என்ற கொள்கையினர். இருவரும் பதினான்கு ஆண்டுகளாக ஒருவர் வீட்டில் ஒருவர் உணவருந்துவதில்லை.

“எடுத்தோமா, அழுத்துனோமா, முடிஞ்சுதா. ரிவால்வர்ல சிக்கலே கிடையாது,” என்றார் பக்.

“அஞ்சே அஞ்சு குண்டு! ஆறாவது ஆளு வந்தா?” என்றார் போதகர்.

“ஆறு பேரு எதுக்கு வரான்? வான்கோழி ஆலையில கல்யாண விருந்தா வெச்சிருக்கு?”

“வர்றது ஒருத்தன்தான்,” என்றாள் வில்மா. “அவன் வீடு மில் சாலையில மூணாவது வீடு.”

இருவரும் ஒரு கணம் அவளைப் பரிவோடு பார்த்தார்கள். பிறகு குண்டின் பருமனுக்குப் போனார்கள். அதில் ஒன்றரை மணி நேரம் கழிந்தது. நடுவே போதகர் மேசையைக் குத்தினார், பக் தொப்பியைக் கழற்றி வீசினார், ஜேனெல் எல்லோருக்கும் பீகன் கொட்டைப் பணியாரம் பரிமாறினாள். வில்மாவுக்குக் கண் சொக்கியது. காலை நாலரை மணிக்கு எழுந்தவள். தலை சாயும்போதெல்லாம், “ஆர்வம் குறைவு” என்று ஜேனெல் குறித்துக்கொண்டாள்.

முடிவில் மகளிர் பட்டியல் வெளியே வந்தது. அதில் மூன்று துப்பாக்கிகள். மூன்றும் உள்ளங்கை அளவு. ஒன்று ரோஜா நிறம், ஒன்று ஊதா, ஒன்று மயில் நீலம். சுடும் களத்தில் ரோஜா நிறத்தை அவள் கையில் கொடுத்தார்கள். காற்றாய் இலேசான அந்தப் பொருள், வெடித்தபோது கோவேறு கழுதையாய் உதைத்தது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை மின்னல் ஓடியது; துப்பாக்கி புல்லில் விழுந்தது. ஊதாவின் விசையை இழுக்க அவள் விரலுக்கு வலுவில்லை. நீலத்தின் மேல்மூடியைப் பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். இழுத்தாள், வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். மூடி வராமல் கண்ணீர்தான் வந்தது.

பக்கத்து மேசையில் பக்கின் சொந்தத் துப்பாக்கி இருந்தது. கறுப்பாக, நீளமாக, கனமாக. “அதக் குடுங்க” என்றாள். கொடுத்தார்கள். கனம் உதையை விழுங்கிவிட்டது. ஆறு குண்டில் நான்கு அட்டையில் பட்டன. எவருக்கும் மகிழ்ச்சியில்லை.

“அது ஆம்பளைங்க பட்டியல்ல இருக்கு கண்ணு,” என்றாள் ஜேனெல்.

“ஆனா இதுதான் என் கைக்கு வருது.”

“பெண்களுக்குச் சின்னதுதான் வசதின்னு தீர்மானம் போட்டிருக்கு,” என்றார் பக்.

“போட்டது யாரு?”

“நாங்க ரெண்டு பேருந்தான்,” என்றார் போதகர். பதினான்கு ஆண்டுகளில் இருவரும் ஒப்புக்கொண்ட ஒரே தீர்மானம் அதுதான்.

பட்டியல் மாற்றத்துக்கு வில்மா விண்ணப்பித்தாள். விண்ணப்பம் நிலுவையில் இருந்த நாட்களில் ஒரு மாலை, ஆலையிலிருந்து திரும்பியபோது, சமையலறைச் சன்னலின் கொசுவலைச் சட்டம் நான்கு திருகாணிகளும் கழற்றப்பட்டுச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. திருகாணிகள் வரிசையாகச் சன்னல் விளிம்பில். முதலில் விளக்கு, இப்போது சன்னல். இனி மிச்சமிருந்தது கதவு ஒன்றுதான். அன்று முதல் அவள் குளியலறையைத் தாழிட்டு, தொட்டிக்குள் போர்வை விரித்துப் படுத்தாள்.

“உள்ள நுழைஞ்சாரா?” என்று தொலைபேசிக் குரல் கேட்டது. நுழையவில்லை. “அப்ப நுழையலன்னு பதிஞ்சுக்கறேன். ஆனா உங்கள விரைவு வரிசைக்கு மாத்திட்டேம்மா. உங்க பகுதியிலயே அனுபவசாலி ஒருத்தர வழிகாட்டியா போட்டு, சனிக்கிழம காலைல மைதானத்துல நேரடிப் பயிற்சி.”

வெள்ளிக்கிழமை உறை வந்தது. வாழ்த்துக் கடிதத்தோடு வழிகாட்டியின் விவரத்தாளும் இருந்தது. வழிகாட்டியாக விரும்புவோர் குறைந்தது மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இவர் நான்கு வைத்திருந்தார். நான்கின் பெயரும் எண்ணும் தம் கையாலேயே எழுதி, கையெழுத்திட்டிருந்தார். படமும் இணைத்திருந்தார். வில்மா ஒரு காலத்தில் துடைத்துத் துடைத்துத் தேய்த்த சாப்பாட்டு மேசையின் பின்னால், நான்கு துப்பாக்கிகளைப் பரப்பி வைத்து, சிரித்துக்கொண்டு அமர்ந்திருந்தவன் ராய்ஸ்.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் ஓய்வெடுத்த உடம்பு வேண்டும். நீதிமன்ற ஆணையையும், ‘என்னிடம் ஒன்றுமில்லை’ என்ற தாளின் நகலையும், இந்த விவரத்தாளையும் கைப்பையில் வைத்தாள். ஓபலை அழைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை மைதானத்துக்குப் போனாள்.

“அவன் எனக்கு ஐந்நூறு அடிக்குள்ள வரக் கூடாது,” என்று ஆணையை நீட்டினாள்.

ஜேனெலின் முகம் மலர்ந்தது. “அதெல்லாம் பாத்துட்டோம் கண்ணு! சட்டத்த மீறுவோமா நாங்க? அதோ, அந்த மேட்டுல நின்னு ஒலிபெருக்கியில சொல்லித் தருவாரு. ஐந்நூத்திப் பத்து அடி. டேப் வெச்சு அளந்தாச்சு.”

“அளந்தது யாரு?” என்று கேட்டாள் ஓபல்.

“காவலர்தான். பாவம், இடுப்பு வலியோட வந்து அளந்து குடுத்தாரு.”

அப்போது மேட்டிலிருந்து கரகரவென்று குரல் எழுந்தது. மைதானம் முழுக்க, மரங்கள் முழுக்க, பத்தொன்பது ஆண்டு அவள் கேட்ட குரல்.

“வணக்கம் வில்மா. மூச்ச மெதுவா விடு. நீ எப்பவுமே அவசரக்காரி.”

“எவ்ளோ பொறுமையா சொல்றாரு பாருங்க,” என்றார் போதகர்.

“தோளத் தளர்த்து. அப்படித்தான். பகல்ல சுட்டா மட்டும் பத்தாது வில்மா. வெளக்கு இல்லாமயும் பழகிக்கோ.”

“நல்ல யோசனை,” என்று பக் குறித்துக்கொண்டார். “இருட்டுப் பயிற்சின்னு தனியா ஒண்ணு சேக்கணும்.”

“யோவ், அது யோசனை இல்லய்யா, மெரட்டல்!” என்று ஓபல் கூவினாள். “காதுல என்ன பஞ்சா?”

உண்மையாகவே பஞ்சுதான். களத்தில் எல்லோரும் காதடைப்பான் அணிந்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி.

வில்மா ரோஜா நிறத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். திரும்பி நடந்தாள். பின்னால் ஒலிபெருக்கி அவள் பெயரை இன்னும் இருமுறை சொன்னது.

திங்களன்று ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மாவட்டக் காவல் தலைவர் க்ளிஃப்டன் ஆம்ஸ் முன்னால் போய் நின்றாள். அவர் நல்லவர், ராய்ஸுடன் பள்ளிப் பந்தாட்டக் குழுவில் இருந்தவர். வில்மா இரண்டு தாள்களையும் அவர் மேசையில் அருகருகே வைத்தாள்.

“இதுல ஒண்ணுமில்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். இதுல நாலு இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். ரெண்டும் உங்க ஆபீசு. எது உண்மை?”

அவர் கண்ணாடி அணிந்து இரண்டையும் நிதானமாகப் படித்தார். “ரெண்டும் முறைப்படி கையெழுத்தான ஆவணம்மா. இந்த ஆபீசு கையெழுத்த மதிக்கற ஆபீசு.”

“என் கல்யாணப் பத்திரத்துலயும் அவன் கையெழுத்துப் போட்டான்.”

“பாருங்கம்மா.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். தேர்தல் மேடையில் பேசிப் பழகிய குரல் தானாக வந்தது. “இந்த மண்ணுல ஒருத்தர் கையில துப்பாக்கி குடுக்கறது சுதந்திரம். ஒருத்தர் கையிலேர்ந்து வாங்கறது அடக்குமுறை. நான் சுதந்திரத்துக்குப் பதினொரு பேரு போட்டிருக்கேன். அடக்குமுறைக்கு ஆளே போடல. அத நெனச்சு எனக்குப் பெருமைதான். ராய்ஸு நம்ம பையன். நான் அவன் வீட்டுக்குப் போய்க் கதவத் தட்டுனா மனசு ஒடைஞ்சுடுவான். கோவம் வந்தா அவன் என்ன பண்ணுவான்னு உங்களுக்கே தெரியும். என் ஆளுங்க உயிருக்கு நான்தானே பொறுப்பு?”

“என் உயிருக்கு?”

“அதுக்குத்தாம்மா வாரியம்!” என்றார் அவர், இவ்வளவு எளிய செய்தி எப்படி இவளுக்கு எட்டாமல் போயிற்று என்ற வியப்புடன். “வெள்ளிக்கிழமைக்குள்ள தேர்ந்தெடுங்க. உங்க பேரப் பிடியில இலவசமா பொறிச்சுத் தரச் சொல்றேன்.”

தம் வாயாலேயே ராய்ஸைக் கண்டு அஞ்சுவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, ஆயுதமேந்திய அந்த மனிதரே அஞ்சும் ஒருவனை, வீங்கிய மணிக்கட்டோடு ஒரு பெண் தனியாக எதிர்கொள்ள வேண்டும் என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கேட்டீர்களா?

வில்மா தாள்களை எடுத்துக்கொண்டு வெளிக் கூடத்துக்கு வந்தாள். வீட்டுக்குப் போக வேண்டும். குளியல் தொட்டிக்குள் படுக்க வேண்டும். தாழ்ப்பாள் அசையும் ஓசைக்குக் காது கொடுத்து விழித்திருக்க வேண்டும். நினைக்கும்போதே அவள் எலும்புகள் கனத்தன. சுவரோரம் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன, ஒன்றில்கூட ஆளில்லை. நடுவிலிருந்த ஒன்றில் அமர்ந்தாள். ஆறு வாரங்களில் முதன்முறையாக, முதுகு முழுவதும் சாய்ந்து அமர்ந்தாள்.

நான்கரை மணிக்குப் பணிப்பெண் சாவிக்கொத்தோடு வந்தாள். “மூடப் போறோம்மா.”

“மூடிக்கங்க.”

“நீங்க எழுந்திருக்கணும்.”

“நான் தேர்ந்தெடுத்துட்டேன்னு உங்க தலைவர்கிட்ட சொல்லுங்க. இந்த நாற்காலியத் தேர்ந்தெடுத்திருக்கேன். அந்த நாலும் இங்க வந்து சேர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.”

“அப்ப உங்கள வெளிய தூக்கிப் போட வேண்டியிருக்கும்.”

“தூக்க ரெண்டு ஆளு வேணும்,” என்றாள் வில்மா கண்ணை மூடிக்கொண்டே. “அந்த ரெண்டு ஆளு உங்ககிட்ட இருந்தா, மில் சாலைக்கு அனுப்புங்க.”

பணிப்பெண் உள்ளே போனாள். உள்ளே கூடிப் பேசினார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நாற்காலியில் அமர்ந்திருப்பவரை எந்தப் பிரிவு கவனிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஐந்து மணிக்கு ஓபல் ஆலை உடுப்போடு வந்தாள். “தள்ளி உக்காருடி” என்றாள். இருவரானார்கள்.

படித்தவர்களே, இங்கே கண்ணீர் வேண்டாம். ஆலையில் உப்புத் தண்ணீர் ஏராளமாக இருக்கிறது. பாராட்டும் வேண்டாம், அதைச் சட்டமிட்டு மாட்டக் கொட்டகையில் சுவர் இருக்கிறது. எந்தத் துப்பாக்கி அவளுக்கு ஏற்றது என்ற ஆலோசனையோடு எவரேனும் கிளம்பியிருந்தால், தயவு செய்து வழியிலேயே திரும்பிவிடுங்கள். பதினொரு பேர் போதும். உங்கள் ஊரிலும் இப்படி ஓர் ஆணை மடித்து வைக்கப்பட்டிருக்கும். போய்ச் சரிபார்க்க ஆளில்லாத ஒரு கையெழுத்து இருக்கும். குளியல் தொட்டிக்குள் படுத்திருக்கும் ஒருத்தி இருப்பாள். அவள் பெயரைக் கேட்டு அறியுங்கள். அவளை மிரட்டுபவன் கையிலிருந்த துப்பாக்கியை எடுத்தீர்களா என்ற ஒரே கேள்வியோடு உங்கள் காவல் நிலையத்துக்குப் போங்கள். எடுத்தோம் என்றால் காட்டச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால், எடுக்கும்வரை அங்கேயே உட்காருங்கள். ஆல்டர்ஃபோர்டு கூடத்தில் இன்னும் பத்து நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. எழுந்து வாருங்கள், வந்து உட்காருங்கள்.